நாட்டுப்பற்று என்னும் பள்ளிக் கட்டுரை: குறிப்புச்சட்டகமும் காண்டிகை நெறியும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மொழிப்பாடத்தின் பகுதியாக எழுதப்பெறும் கட்டுரைத் தலைப்புகளுள் ‘நாட்டுப்பற்று’ நெடுங்காலமாக இடம்பெற்று வருவது. விளக்கத்தைக் கோரும் இத்தலைப்பிற்கு அறிவுரையே பெரும்பாலும் விடையாக அமைந்துவிடுகிறது. மாணவரின் உணர்வுக் குறைவு இதற்குக் காரணமன்று. தலைப்புகளை மட்டும் அடுக்கித் தரும் குறிப்புச்சட்டகமும், ‘நாம்’, ‘வேண்டும்’ என்னும் இரு சொற்களைச் சார்ந்து நிற்கும் தொடரமைப்புமே காரணங்கள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ‘நாடு’, ‘பற்று’ ஆகிய சொற்களின் பொருள் வரலாறு, புறநானூற்று மேற்கோள்கள் கையாளப்பெறும் முறை, தன்மைப் பன்மையின் பயன்பாடு ஆகியன ஆராயப்பெறுகின்றன. நன்னூல் குறிப்பிடும் காண்டிகையுரையின் ஐந்து கூறுகளைப் பள்ளிக் கட்டுரைக்குரிய மாற்றுச் சட்டகமாகக் கொள்ளலாம் என்பது இக்கட்டுரையின் முன்மொழிவு.

திறவுச்சொற்கள்: நாட்டுப்பற்று, பள்ளிக் கட்டுரை, குறிப்புச்சட்டகம், காண்டிகையுரை, தன்மைப் பன்மை, வ.உ.சிதம்பரனார், மொழிக் கல்வி.

1. முன்னுரை

விடுதலை நாள், குடியரசு நாள் ஆகியவற்றை ஒட்டி நடைபெறும் போட்டிகளிலும் தேர்வுகளிலும் ‘நாட்டுப்பற்று’, ‘நாட்டு முன்னேற்றத்தில் மாணவர் பங்கு’, ‘விடுதலைப் போரில் தமிழர்’ முதலிய தலைப்புகள் மீண்டும் மீண்டும் தரப்பெறுகின்றன. ஒரு குடிமகன் தனக்கும் தன் நாட்டிற்கும் உள்ள உறவைப் பற்றித் தன் மொழியில், தொடர்ச்சியாக, எழுத்தில் கூறுமாறு கேட்கப்படும் முதல் வாய்ப்பு பெரும்பாலும் இக்கட்டுரையே. பலருக்கு இறுதி வாய்ப்பும் இதுவே. பள்ளியை விட்டு நீங்கிய பின்னர் எவரும் அவர்களிடம் அவ்வினாவை எழுத்தில் கேட்பதில்லை.

இத்தகைய கட்டுரைகளின் உள்ளடக்கத்தைக் குறைகூறுவது எளிது. ஒரே மேற்கோள்கள், ஒரே பெயர்கள், ஒரே முடிவு என்பது ஆசிரியர் அனைவரும் அறிந்த செய்தி. ஆயினும், எழுதுவோர் பலராயிருந்தும் எழுத்து ஒன்றாகவே அமைவது ஏன் என்னும் வினா உரிய அளவில் கேட்கப்படுவதில்லை. அவ்வினாவிற்கு மொழிநிலையில் விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கம். இங்குக் காட்டப்பெறும் மாணவர் நடைத் தொடர்கள் விளக்கத்தின் பொருட்டு அமைத்துக்கொள்ளப்பட்ட மாதிரிகளேயன்றி, எவருடைய விடைத்தாளிலிருந்தும் எடுக்கப்பெற்றவை அல்ல.

2. கட்டுரை என்னும் வகைமையும் குறிப்புச்சட்டகமும்

‘கட்டுரை’ என்னும் சொல் தமிழில் பழமையானது. சிலப்பதிகாரத்தின் 23ஆம் காதை ‘கட்டுரை காதை’ எனப் பெயர் பெற்றுள்ளது. கோவலன் கொலையுண்டதற்கான காரணத்தை மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு எடுத்துரைப்பது அக்காதையின் மையம். கூறப்பெறும் காரணம் இன்றைய வாசகருக்கு ஏற்புடையதா என்பது வேறு வினா. ‘ஏன்’ எனக் கேட்டு நிற்கும் ஒருவருக்குக் காரணம் காட்டி உரைப்பதே அங்குக் கட்டுரை எனப் பெயர் பெற்றுள்ளது என்பது இங்குக் கருதத்தக்கது. மேலைநாட்டு மரபில் மொந்தேன் 1580இல் வெளியிட்ட நூலுக்கு இட்ட பெயர் ‘முயற்சி’ என்னும் பொருளுடையது. தன் கருத்தைத் தானே சோதித்துப் பார்க்கும் முயற்சி என்பது அதன் உட்கிடை. இவ்விரு மரபுகளிலும் கட்டுரை வினாவிலிருந்து தொடங்குகிறது.

பள்ளிக் கட்டுரையோ குறிப்புச்சட்டகத்திலிருந்து தொடங்குகிறது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பொதுத்தேர்வில் குறிப்புகளைக் கொண்டு கட்டுரை எழுதும் வினாவிற்கு 8 மதிப்பெண்கள் உரியன. நாட்டுப்பற்று என்னும் தலைப்பிற்கு வழக்கமாக அமையும் குறிப்புகளைப் பின்வருமாறு தொகுத்துக் கூறலாம்:

முன்னுரை – நாட்டுப்பற்று விளக்கம் – இலக்கியம் காட்டும் நாட்டுப்பற்று – விடுதலைப் போரில் தமிழர் – மாணவர் கடமை – முடிவுரை.

இச்சட்டகத்திற்கு உரிய பயன்கள் உண்டு. வீட்டில் நூல்களோ வழிகாட்டுவோரோ இல்லாத முதல் தலைமுறை மாணவருக்கு, எங்குத் தொடங்கி எங்கு முடிப்பது என்னும் தெளிவை இது தருகிறது. மதிப்பிடுவோருக்கும் பொதுவான அளவுகோலாக அமைகிறது. எனவே சட்டகமே தேவையற்றது என்னும் கருத்து ஏற்கத்தக்கதன்று.

குறை வேறிடத்தில் உள்ளது. மேற்கண்ட குறிப்புகள் அனைத்தும் பெயர்ச்சொற்களாகவும் பெயர்த்தொடர்களாகவும் அமைந்தவை. ஒரு குறிப்பிற்கும் அடுத்த குறிப்பிற்கும் இடையேயுள்ள உறவு எங்கும் கூறப்படவில்லை. இலக்கியம் காட்டும் நாட்டுப்பற்றும் விடுதலைப் போரில் வெளிப்பட்ட நாட்டுப்பற்றும் ஒன்றா, வேறா? விடுதலைப் போராளிகளின் செயலிலிருந்து இன்றைய மாணவரின் கடமை எவ்வாறு பெறப்படுகிறது? சட்டகம் இவற்றைக் கேட்பதில்லை. கேளாத வினாவிற்கு மாணவர் விடை எழுதாமை இயல்பே. ஆறு பெட்டிகளை ஆறு பத்திகளால் நிரப்புதலே கட்டுரை எழுதுதல் என்னும் கருத்து இவ்வாறு நிலைபெறுகிறது.

3. ‘நாடு’, ‘பற்று’: விளக்கப்படாத சொற்கள்

‘நாட்டுப்பற்று விளக்கம்’ என்னும் குறிப்பின்கீழ் எழுதப்பெறுவது பெரும்பாலும், ‘நாட்டின்மீது கொண்ட பற்றே நாட்டுப்பற்று ஆகும்’ என்பது போன்ற தொடராகவே அமையும். தொகையை விரித்துக் கூறியதன்றி இத்தொடர் எதனையும் விளக்கவில்லை. விளக்கத்திற்குரிய இரு சொற்களும் தமிழில் நெடிய வரலாறு உடையன.

சங்க இலக்கியத்தில் ‘நாடு’ என்பது ஒரு வேந்தன் அல்லது வேளின் ஆட்சிக்குட்பட்ட நிலப்பகுதியைக் குறிப்பது. பாரியின் பறம்பு நாடு 300 ஊர்களை உடையதாகப் புறநானூறு கூறும் (புறம். 110). சோழர் கல்வெட்டுகளில் ‘நாடு’ பல ஊர்களைத் தன்னகத்தே கொண்ட சிறு நிலப்பிரிவு. ‘வளநாடு’ அதனினும் பெரியது. இன்றைய வழக்கிலோ இந்திய ஒன்றியமும் நாடு; 1969 சனவரி 14 முதல் தமிழ்நாடு எனச் சட்டப்படி வழங்கும் மாநிலமும் பெயரளவில் நாடு. செட்டிநாடு, கொங்குநாடு முதலிய வட்டார வழக்குகளும் உயிர்ப்புடன் உள்ளன. ஆகவே ‘என் நாடு’ என எழுதும் தமிழ் மாணவர் தாம் கருதும் எல்லையைத் தெளிவுபடுத்த வேண்டிய நிலையில் உள்ளார். இது தமிழுக்கே உரிய வாய்ப்பு. ஊர், வட்டாரம், மாநிலம், ஒன்றியம் என விரியும் பற்றுகளின் உறவை ஆராய்வதற்கு இச்சொல்லே வாயிலாக அமையக்கூடும்.

‘பற்று’ என்னும் சொல்லின் வரலாறு இன்னும் வியப்புக்குரியது. அறநூல்களிலும் சமய நூல்களிலும் பற்று பெரும்பாலும் விடத்தக்கது. திருக்குறளின் துறவு அதிகாரம் பற்றுகளை விடுதற்பொருட்டுப் பற்றற்றவனைப் பற்றுமாறு கூறுகிறது (குறள் 350). விடத்தக்கதாகக் கருதப்பெற்ற ஒன்று கொள்ளத்தக்க பண்பாக மாறியது எவ்வாறு? ‘சுதேசாபிமானம்’, ‘தேசபக்தி’ ஆகிய சொற்கள் பரவியிருந்த காலத்தை அடுத்து, தனித்தமிழ் உணர்வு வளர்ந்த சூழலில் ‘நாட்டுப்பற்று’ நிலைபெற்றது. 1917இல் திரு.வி.க. ஆசிரியப் பொறுப்பேற்ற நாளிதழின் பெயர் ‘தேசபக்தன்’ என்பது அக்காலச் சொல்லாட்சிக்குச் சான்று. ‘பக்தி’ வணங்குதலையும் ‘அபிமானம்’ பெருமிதத்தையும் ‘பற்று’ விடாது பிடித்தலையும் உணர்த்துவன. மூன்றும் ஒரே மனநிலையைக் குறிப்பன அல்ல. இவ்வேறுபாட்டை ஒரு பத்தியில் எழுதும் மாணவர், ‘நாட்டுப்பற்று விளக்கம்’ என்னும் குறிப்பிற்கு உண்மையாகவே விளக்கம் எழுதியவராவார்.

4. இலக்கிய மேற்கோள் ஆற்றும் பணி

‘இலக்கியம் காட்டும் நாட்டுப்பற்று’ என்னும் பகுதியில் தவறாது இடம்பெறுவது ஒக்கூர் மாசாத்தியார் பாடிய புறநானூற்றுப் பாடல் (புறம். 279). பிறந்த குடியைச் சேர்ந்தவனையும் கணவனையும் அடுத்தடுத்த போர்களில் இழந்த ஒருத்தி, போர்ப்பறை கேட்டுத் தன் ஒரே மகனுக்கு வெள்ளாடை உடுத்தி, தலைக்கு எண்ணெய் தடவி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். இதனைக் கூறியவுடன், ‘இதுவன்றோ நாட்டுப்பற்று’ என்னும் வியப்புத் தொடர் பின்வரும்.

பாடலின் திணை வாகை, துறை மூதின்முல்லை. மறக்குடியில் பிறந்த மகளிரின் மறப்பண்பைக் கூறுவது அத்துறை. அவள் கணவன் இறந்துபட்டது ஆநிரை பற்றிய போரில். ‘நாடு’ என்னும் கருத்து அப்பாடலின் மையத்தில் இல்லை. ‘குடி’ என்னும் கருத்தே உள்ளது. குடிப்பெருமைக்காக மகனை அனுப்பிய தாயை, இன்றைய தேச அரசின் படைவீரனை ஈன்ற தாயாகக் கொள்வது பொருள்மாற்றம். அம்மாற்றம் கூடாது என்பது இங்கு வாதமன்று. இருபதாம் நூற்றாண்டில் புறநானூறு அவ்வாறு மறுவாசிப்புச் செய்யப்பெற்றதே ஒரு வரலாற்றுச் செய்தி. ஆனால் மாற்றம் நிகழ்ந்துள்ளது என்பதை மாணவர் அறியாதவாறு மேற்கோள் அமைவது, இலக்கியக் கல்விக்கும் வரலாற்றுக் கல்விக்கும் ஒருசேர இழப்பாகும்.

இதற்கு மாறாக, ‘நாடு’ என்னும் பொருளையே நேரடியாகப் பேசும் பனுவல்கள் இருந்தும் அவை குறைவாகவே பயன்கொள்ளப்படுகின்றன. ஒரு நிலம் நாடாயினும் காடாயினும், மேடாயினும் பள்ளமாயினும், அங்கு வாழும் ஆடவரின் நன்மையே அதன் நன்மை என்பது ஔவையார் கருத்து (புறம். 187). மிக்க பசியும் நீங்காத நோயும் அழிக்கும் பகையும் இல்லாமையைத் திருவள்ளுவர் நாட்டின் இலக்கணமாகக் கூறுகிறார் (குறள் 734). இவை இரண்டும் நாட்டைப் போற்றுமாறு கூறவில்லை. நாட்டை அளப்பதற்குரிய அளவுகோல்களைத் தருகின்றன. பசி இருக்கும் இடத்தில் நாட்டிலக்கணம் குறைவுபடுகிறது எனக் கூறுவதற்கு வள்ளுவரே இடமளிக்கிறார். குறையைச் சுட்டுதல் பற்றின்மை ஆகாது என்னும் தெளிவு இதனால் பெறப்படும்.

5. ‘நாம்’, ‘வேண்டும்’: தொடரமைப்பின் விளைவு

‘நாம் நம் நாட்டை உயிரினும் மேலாகப் போற்ற வேண்டும்’, ‘தியாகிகளின் கனவை நாம் நனவாக்க வேண்டும்’, ‘வேற்றுமையை மறந்து நாம் ஒன்றுபட வேண்டும்’ என்னும் மாதிரித் தொடர்கள் ‘மாணவர் கடமை’, ‘முடிவுரை’ ஆகிய பகுதிகளின் பொது அமைப்பைக் காட்டுவன. எழுவாய் ‘நாம்’, பயனிலை விதிப்பொருளில் வரும் ‘வேண்டும்’.

கேட்போரை உள்ளடக்கியும் விலக்கியும் தன்மைப் பன்மையை வேறுபடுத்திக் கூறும் வளம் தமிழுக்கு உண்டு. பண்டை வழக்கில் ‘நாம்’, ‘யாம்’ என்றும், இன்றைய வழக்கில் ‘நாம்’, ‘நாங்கள்’ என்றும் அவ்வேறுபாடு தொடர்கிறது. பள்ளிக் கட்டுரையில் ‘நாங்கள்’ ஏறத்தாழ வருவதில்லை. ‘நான்’ வருவது குற்றமாகவும் கருதப்படுகிறது. ‘நாம்’ என்பது எழுதுவோர், படிப்போர், முன்னோர், வருங்காலத்தார் ஆகிய அனைவரையும் உள்ளடக்குவதால், உண்மையில் எவரையும் சுட்டாது நின்றுவிடுகிறது. ‘வேற்றுமையை மறந்து நாம் ஒன்றுபட வேண்டும்’ என்னும் தொடரில் வேற்றுமையை உண்டாக்கியவரும் அதனால் துன்புற்றவரும் ஒரே ‘நாம்’ ஆகின்றனர். இருவருக்கும் ஒரே கடமை விதிக்கப்படுகிறது.

தமிழ்நாட்டுப் பாடநூல்களின் தொடக்கப் பக்கங்களில் நாட்டுப்பண், தமிழ்த்தாய் வாழ்த்து ஆகியவற்றுடன் உறுதிமொழியும் தீண்டாமைக்கு எதிரான வாசகமும் அச்சிடப்பெற்று வந்துள்ளன. 1962இல் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் தெலுங்கில் இயற்றிய நாட்டுறுதிமொழி தன்மை ஒருமையில் அமைந்தது. அதில் ‘நாம்’ பேசவில்லை. ஒவ்வொருவரும் தம்மை முன்னிறுத்திப் பேசுகின்றனர். தீண்டாமைக்கு எதிரான வாசகமோ, நாட்டில் தீராத ஒரு தீமை உண்டு என்பதை மாணவருக்கு வெளிப்படையாகவே அறிவிக்கிறது. பாடநூலின் முதற் பக்கங்கள் ஏற்றுக்கொள்ளும் இவ்விரு நிலைகளுக்கும், அதாவது தனியொருவரின் குரலுக்கும் நாட்டின் குறையை ஒப்புக்கொள்ளும் நேர்மைக்கும், கட்டுரைச் சட்டகத்தில் இடமில்லை.

இதனால் நேரும் இழப்பு மொழியளவில் நிற்பதன்று. தன் தெருவில் குடிநீர்க் குழாயைத் தொடக்கூடாதெனத் தடுக்கப்பட்ட மாணவர் ஒருவர் இத்தலைப்பில் எழுதுவதாகக் கொள்வோம். தாம் அறிந்ததை எழுதினால் குறிப்பிற்குப் புறம்பானதென மதிப்பெண் குறையும் என அவர் அஞ்சக்கூடும். எனவே தாம் நம்பாத தொடர்களை அழகிய தமிழில் எழுதுவார். கட்டுரைத் தமிழ் என்பது உண்மையைக் கூறுதற்கு உரியதன்று என்னும் பாடத்தையே அவர் உண்மையில் கற்றுக்கொள்கிறார். பட்ட வகுப்பிலும் ஆய்வு வகுப்பிலும் முன்வைத்த கருத்திற்குச் சான்று கேட்கும்போது மாணவர் தடுமாறுவதற்கு இப்பயிற்சியும் ஒரு காரணமாகலாம்.

6. காண்டிகையுரை காட்டும் நெறி

மாற்றுச் சட்டகத்திற்கு வெளியே தேட வேண்டிய தேவையில்லை. தமிழின் விளக்கவுரை மரபு உரையாசிரியர்களிடத்தில் வளர்ந்தது. ஐயத்தை எழுப்பிக்கொண்டு ‘என்னை?’ என வினவுதலும், மறுப்பை முன்வைத்து ‘எனின்’ எனத் தொடர்ந்து விடை கூறுதலும் அவர்தம் நடையின் இயல்பு. நன்னூல் பாயிரம் உரையின் வகைகளைக் கூறுமிடத்து, காண்டிகையுரைக்குரிய கூறுகளாகக் கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை ஆகிய ஐந்தைச் சுட்டுகிறது. நூற்பாவிற்கு உரை வரைதற்கென வகுக்கப்பெற்ற இந்நெறி, ஒரு கருத்தை விளக்கும் எந்த எழுத்திற்கும் பொருந்தக்கூடியது.

இவ்வைந்தும் நிரப்பப்பட வேண்டிய தலைப்புகள் அல்ல. செய்யப்பட வேண்டிய செயல்கள். கருத்து என்பது எழுதுவோர் நிறுவ விரும்பும் ஒரே கூற்று. பதப்பொருள் என்பது அக்கூற்றில் உள்ள சொற்கள் எப்பொருளில் ஆளப்படுகின்றன என்னும் வரையறை. காட்டு என்பது அக்கூற்றைத் தாங்கும் குறிப்பிட்ட நிகழ்வு அல்லது பனுவல். வினா என்பது அக்கூற்றிற்கு எதிராக அறிவுடைய ஒருவர் எழுப்பக்கூடிய தடை. விடை என்பது அத்தடையை ஏற்றோ மறுத்தோ கருத்தைத் திருத்தி நிலைநிறுத்துவது. குறிப்புச்சட்டகத்தில் முற்றிலும் இல்லாதது நான்காம் கூறாகிய வினா. அதனைச் சேர்த்த அளவிலேயே அறிவுரை விளக்கமாக மாறத் தொடங்குகிறது.

7. ஒரு காட்டு: வ.உ.சிதம்பரனாரின் கப்பல் நிறுவனம்

‘விடுதலைப் போரில் தமிழர்’ என்னும் குறிப்பின்கீழ் வ.உ.சிதம்பரனார், பாரதியார், வாஞ்சிநாதன், திருப்பூர்க் குமரன் முதலிய பெயர்கள் ஒரே பத்தியில் அடுக்கப்படும். வ.உ.சி.க்குக் ‘கப்பலோட்டிய தமிழர், செக்கிழுத்த செம்மல்’ என்னும் இரு அடைகள் போதியனவாகக் கருதப்படும். கப்பல் ஓட்டுதல் எவ்வாறு நாட்டுப்பற்றாகும் என்னும் வினா எழுவதே இல்லை. அவ்வினாவை எழுப்பினால் கிடைக்கும் செய்திகள் பின்வருமாறு.

தூத்துக்குடிக்கும் கொழும்பிற்கும் இடையேயான கப்பல் போக்குவரத்தில் ஆங்கிலேயரின் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் நிறுவனம் மேலாண்மை செலுத்தியது. 1906இல் வ.உ.சி. முயற்சியால் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் நிறுவனம் பதிவு செய்யப்பெற்றது. ஒரு பங்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள் எனப் பத்து இலட்சம் ரூபாய் மூலதனம் திட்டமிடப்பட்டது. மதுரைத் தமிழ்ச்சங்கத்தை 1901இல் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இந்நிறுவனத்தின் தலைவராக விளங்கினார். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வாங்கப்பெற்றன. போட்டி நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது. 1908 தொடக்கத்தில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் ஊதியம், விடுமுறை முதலிய கோரிக்கைகளுக்காக நடத்திய வேலைநிறுத்தத்தில் வ.உ.சி. அவர்கள் பக்கம் நின்றார். அவ்வாண்டு மார்ச்சு 12இல் அவர் கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் எழுச்சி மூண்டது. 1911இல் கப்பல் நிறுவனம் கலைக்கப்பட்டது. 1912 இறுதியில் அவர் விடுதலையானார்.

இச்செய்திகளைக் கொண்டு மாணவர் நிலையில் எழுதத்தக்க ஒரு மாதிரிப் பகுதியைக் காண்டிகை நெறியில் பின்வருமாறு அமைக்கலாம்:

“ஒரு நாட்டில் உழைப்பவர்களுக்கு அவர்களுடைய உழைப்பின் பயன் கிடைக்கச் செய்வதே நாட்டுப்பற்று என்று நான் கருதுகிறேன். இங்கு நாடு என்று நான் கூறுவது வரைபடத்தை அன்று. அங்கு வாழும் மக்களை. தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் 1906இல் கப்பல் நிறுவனம் தொடங்கினார். அதன் ஒரு பங்கின் விலை 25 ரூபாய். கப்பல் கட்டணமாகச் செல்லும் பணம் இங்குள்ளவர்களிடமே தங்க வேண்டும் என்பது நோக்கம். ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. ஆங்கிலேய முதலாளிக்குப் பதிலாக இந்திய முதலாளி வந்தால் கூலி வேலை செய்பவருக்கு என்ன பயன்? இக்கேள்விக்கு அவருடைய செயலிலேயே விடை இருக்கிறது. 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் ஊதியத்திற்காகவும் விடுமுறைக்காகவும் போராடியபோது அவர் அவர்களுடன் நின்றார். ஆகவே கப்பலின் உரிமையாளர் மாறினால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. நிறுவனம் நீடிக்கவில்லை. ஆயினும் நாட்டுப்பற்று என்றால் யாருடைய வாழ்வு மாற வேண்டும் என்ற கேள்வியை அவர் விட்டுச் சென்றார்.”

இப்பகுதியில் அணிநயம் மிகுதியில்லை. ‘உயிரினும் மேலாக’ போன்ற அடைகளும் இல்லை. இரு நிகழ்வுகள் ஒரு வினாவால் இணைக்கப்பெற்றுள்ளன. முன்னர்ப் பெயர்ப்பட்டியலில் ஒரு சொல்லாக நின்ற வ.உ.சி. இங்குக் கருத்திற்குச் சான்றாக நிற்கிறார். பத்தியின் இறுதிக் கருத்து தொடக்கக் கருத்தினும் கூர்மை பெற்றுள்ளது. விளக்கக் கட்டுரை என்பதற்கு இதுவே போதிய அடையாளம்.

8. எதிர்நோக்கத்தக்க தடைகள்

முதலாவது தடை மதிப்பீடு பற்றியது. குறுகிய காலத்தில் மிகப் பல விடைத்தாள்களைத் திருத்தும் ஆசிரியருக்குக் குறிப்புத் தலைப்புகளைச் சரிபார்ப்பதே இயலும் என்பர். காண்டிகைக் கூறுகளும் அவ்வாறே சரிபார்க்கத்தக்கன. கருத்துத் தெளிவிற்கு 1, பதப்பொருளுக்கு 1, காட்டிற்கு 2, வினாவிற்கு 1, விடைக்கு 2, மொழிச் செம்மைக்கு 1 என 8 மதிப்பெண்களைப் பகுக்கலாம். ஆசிரியர் கருத்தை ஏற்கிறாரா என்பது இப்பகுப்பில் இடம்பெறாது. கருத்து தாங்கப்பட்டுள்ளதா என்பதே இடம்பெறும்.

இரண்டாவது தடை, இந்நெறியும் நாளடைவில் மனப்பாடமாகிவிடும் என்பது. துணைநூல்கள் ஆயத்த வினாக்களையும் விடைகளையும் அச்சிட்டு வழங்கக்கூடும். இதனை முற்றிலும் தவிர்த்தல் அரிது. எனினும் காட்டினை மாணவர் தம் ஊரிலிருந்தோ மாவட்டத்திலிருந்தோ தர வேண்டும் என வினாவில் வரையறுப்பின் மனப்பாடத்தின் எல்லை சுருங்கும். திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யம் வரை 1930இல் நடைபெற்ற உப்புச் சத்தியாகிரகப் பயணத்தின் வழியில் அமைந்த ஊர்களின் மாணவர் எழுதுவதும், நெசவுத்தொழில் நிகழும் ஊரின் மாணவர் எழுதுவதும் ஒன்றாக இருத்தல் இயலாது.

மூன்றாவது தடையே முதன்மையானது. வினா எழுப்பப் பயிற்றினால் மாணவர் நாட்டையே பழிக்கத் தொடங்குவர் என்னும் அச்சம் அது. நாடு, அரசு ஆகிய இரு சொற்களின் வேறுபாடு தெளிவாகாமையே இவ்வச்சத்தின் அடிப்படை. பாரதியார் 1908இல் ‘ஸ்வதேச கீதங்கள்’ நூலை வெளியிட்டார். அவருடைய பாடல் நூல்களைச் சென்னை மாகாண அரசு 1928இல் தடைசெய்து, படிகளைக் கைப்பற்றியது. இன்று மதிப்பெண் பெறுதற்கு மேற்கோளாகும் அவர் பாடல்கள் அன்று அரசின் சினத்திற்கு ஆளாயின. நாட்டுப்பற்றின் முன்னோடிகளாக நாம் கற்பிப்போர் அனைவரும் தம் காலத்து ஆட்சியை வினவியவர்களே. வினவுதலை விலக்கிவிட்டு அவர்தம் பெயர்களை மட்டும் கற்பித்தல் முரணாகும்.

அரசமைப்பும் இதற்குத் துணை நிற்கிறது. 1976இல் 42ஆம் திருத்தத்தின் வழி சேர்க்கப்பெற்ற 51அ உறுப்பு குடிமக்களின் அடிப்படைக் கடமைகளைப் பட்டியலிடுகிறது. பின்னர்ச் சேர்ந்த ஒன்றுடன் அவை இன்று 11 ஆகும். நாட்டுக்கொடியையும் நாட்டுப்பண்ணையும் மதித்தலைக் கூறும் அப்பட்டியலே அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் ஆராய்ந்து வினவும் உணர்வையும் வளர்த்தலைக் கடமையாகக் கூறுகிறது. ‘மாணவர் கடமை’ என்னும் பத்தியில் முதலாவது தவறாது எழுதப்பெறுகிறது. பின்னது எழுதப்பெறுவது அரிது. காண்டிகை நெறியின் ‘வினா’ அக்கடமையை எழுத்துவழி நிறைவேற்றும் பயிற்சியாகும்.

9. முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்பட்ட முடிவுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

‘நாட்டுப்பற்று’ என்னும் பள்ளிக் கட்டுரை ஒரே தன்மையதாக அமைவதற்கு மாணவரின் ஆர்வக்குறைவு காரணமன்று; உறவுகளைக் கேளாது தலைப்புகளை மட்டும் கேட்கும் குறிப்புச்சட்டகமே காரணம்.

‘நாடு’, ‘பற்று’ ஆகிய சொற்களின் பொருள் மாற்றங்களும், புறநானூற்றுப் பாடல்களின் திணை, துறைச் சூழலும் கட்டுரையில் விளக்கப்பெறின் மொழிக் கல்வியும் குடிமைக் கல்வியும் ஒருங்கே நிகழும்.

‘நாம்’, ‘வேண்டும்’ என்னும் தொடரமைப்பு எழுதுவோரின் இடத்தை மறைக்கிறது. ‘நான்’, ‘நாங்கள்’ ஆகியவற்றைப் பொருளறிந்து ஆளுதற்கு மாணவருக்கு இசைவு தரப்பெற வேண்டும்.

கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை என்னும் காண்டிகைக் கூறுகள் பள்ளிக் கட்டுரைக்குப் பொருத்தமான, மதிப்பிடத்தக்க சட்டகமாக அமையும்.

இந்நெறியைக் கற்பிக்கும் வகுப்பில் ஒரே தலைப்பில் எழுதிய நாற்பது மாணவர் நாற்பது காட்டுகளைத் தருவர். அவற்றுள் சில நாட்டின் பெருமையைக் கூறும். சில அதன் குறையைக் கூறும். இரண்டையும் ஒரே அளவுகோலால் மதிப்பிட ஆசிரியர் ஆயத்தமாக இருத்தல் இன்றியமையாதது. அந்த ஆயத்தத்தை ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களின் தமிழ் கற்பித்தல் பாடத்திட்டத்தில் எவ்வாறு இடம்பெறச் செய்வது என்பது அடுத்து ஆராயத்தக்க பொருளாகும்.